எதை எண்ணுவது, எதற்காக எண்ணுவது? காப்பக மேலாண்மைத் திட்டமும் பல்லுயிர்க் கண்காணிப்பும்

சதுப்புநடை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு சதுப்பு நிலமும் அதை ஒட்டிய சிறு காடும் அடங்கிய காப்பகத்தில் கண்காணிப்புப் பணியைப் பார்த்துக்கொள்பவன் நான். எட்டு ஆண்டுகளாக நீர்ப்பறவைகள், தவளைகள், வண்ணத்துப்பூச்சிகள், புல்வகைகள் ஆகியவற்றைக் கணக்கெடுத்து வருகிறோம். காட்டுப் பகுதியில், எதிரே ஏதாவது அசைந்தால் தானாகவே படமெடுக்கும் பன்னிரண்டு கேமரா டிராப்புகளும் உண்டு. கடைசி ஆண்டறிக்கை 140 பக்கங்கள் வந்தது, அட்டவணைகளுக்குக் குறைவில்லை.

சென்ற மாதம் அடுத்த ஐந்தாண்டு மேலாண்மைத் திட்டத்துக்கான கூட்டம் நடந்தது. அங்கே என்னிடம் கேட்கப்பட்டவை மூன்றே கேள்விகள். மதகை எந்த மாதம் திறந்து நீர்மட்டத்தை இறக்குவது? பரவிவரும் அயல் களையை எந்த மூலையில் முதலில் அகற்றுவது? கிழக்குக் கரையில் மேய்ச்சலை அனுமதிப்பதா, நிறுத்துவதா? எட்டு ஆண்டுத் தரவைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பறவைகளை எண்ணிய நாள்களில் நீர்மட்டத்தை யாரும் குறித்துவைக்கவில்லை என்பது அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இனிக் கண்காணிப்புக்கான நிதி பாதியாகக் குறைகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

எண்ணும்_எழுத்தும்

நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலான காப்பகங்களின் கதைதான். முதலில் எண்ணத் தொடங்கிவிட்டுப் பயனைப் பிறகு தேடுகிறோம். வருவது வரட்டும் என்று பொதுவாக எண்ணிக்கொண்டிருப்பதற்கும், ஒரு முடிவை எடுப்பதற்குத் தேவையானதை மட்டும் எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டை நிக்கோல்ஸ், வில்லியம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் அழுத்தமாக எடுத்துரைத்தார்கள். முதல் வகைக் கண்காணிப்பு பெரும்பாலும் ஒரு சரிவைக் காட்டும், அதன்பின் காரணத்தைத் தேடித் தனி ஆய்வு நடக்கும், ஆய்வு முடிவதற்குள் காலம் கைமீறிவிடும் என்பது அவர்களுடைய வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு உண்டு.

நான் பின்பற்றும் முறை எளியது. ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் நேராக ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்ப்பேன்: "இந்த எண் இந்த அளவுக்குக் கீழே போனால், இன்ன மாதத்துக்குள், இன்னார், இன்ன செயலைச் செய்வார்." இந்த வாக்கியத்தை முடிக்க முடியாத கணக்கெடுப்பு எதுவாக இருந்தாலும் அதை முதலில் வெட்டுங்கள். உங்கள் புல்வகைப் பட்டியலில் ஓர் இனம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக யாராவது எதையாவது மாற்றிச் செய்வார்களா? செய்ய மாட்டார்கள் என்றால் அந்தப் பணத்தை மதகுக் கேள்விக்குத் திருப்பிவிடலாம்.

பழைய_தொலைநோக்கி

நண்பர் எண்ணும்_எழுத்தும் அவர்களின் வாதம் கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு அச்சமாகவும் இருக்கிறது. எந்த முடிவுக்காக எண்ணுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் எண்ண வேண்டும் என்றால், யாரும் எதிர்பாராத சரிவு ஒன்று வரும்போது நம் கையில் ஒப்பிடுவதற்கு எதுவுமே இருக்காது.

இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் சாலைவழியே வண்டியில் சென்று இரைகொல்லிப் பறவைகளை எண்ணிய கணக்கெடுப்புகள், கழுகுகள் அழியப்போகின்றன என்ற ஐயத்தில் தொடங்கப்பட்டவை அல்ல. அன்று அவை காக்கைகளைப்போல எங்கும் இருந்தன. ஆனால் அந்தப் பழைய எண்கள் இருந்ததால்தான் 2000ஆம் ஆண்டில் அதே சாலைகளில் மீண்டும் சென்றபோது வீழ்ச்சியின் ஆழம் தெரிந்தது. வெண்முதுகுக் கழுகுகளில் 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 விழுக்காடு மறைந்துவிட்டன. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, அவற்றின் பிணங்களைத் தின்ற கழுகுகளைக் கொன்றதுதான் காரணம் என்பது 2004ஆம் ஆண்டில் தெரியவந்தது. 2006ஆம் ஆண்டில் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. 1991ஆம் ஆண்டில் உங்கள் வாக்கியத்தை நிரப்பச் சொல்லியிருந்தால், "கழுகு குறைந்தால் வலிமருந்தைத் தடைசெய்வோம்" என்று எவர் எழுதியிருப்பார்?

ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கத்தினர் செய்ததும் இத்தகையதே. கூடாரம் போன்ற வலைப்பொறிகளை ஒரே அளவில், ஒரே விதமாகக் கட்டி, விழுந்த பூச்சிகளைச் சாராயக் குப்பிகளில் பல்லாண்டுகள் சேமித்துவைத்தார்கள். 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில், 27 ஆண்டுகளில், பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அந்தக் குப்பிகளிலிருந்துதான் வந்தது. நேர்மைக்காக ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்த 63 இடங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே ஓர் ஆண்டுதான் பொறி வைக்கப்பட்டது. அதனால் அந்த முடிவைப் பற்றி நியாயமான கேள்விகள் எழுந்தன. என்றாலும், குப்பிகளே இல்லாமல் போயிருந்தால் கேள்விகூட எழுந்திருக்காது.

எண்ணும்_எழுத்தும்

கழுகு எடுத்துக்காட்டை ஏற்கிறேன், ஐயா. ஆனால் அந்தக் கணக்கிலேயே இன்னொரு பாதி இருக்கிறது. 1990களின் இறுதியிலேயே சரிவு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. காரணம் தெரியவும் தடை வரவும் மேலும் பல ஆண்டுகள் ஆயின. எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தது, அடுத்த அடி எழுதப்பட்டிருக்கவில்லை.

இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவின் ஆளுகையில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் வாழ்ந்த சிறு வௌவால். 1980களில் தீவெங்கும் காணப்பட்ட அந்த வௌவாலின் குரலை ஒலிக்கருவிகள் கொண்டு 1990களின் நடுவிலிருந்து முறையாகக் கண்காணித்தார்கள். சரிவு ஆண்டுதோறும் வரைபடத்தில் அழகாகப் பதிவாயிற்று. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ இருபதுதான் மிஞ்சியிருக்கும் என்ற நிலையில், எஞ்சியவற்றைப் பிடித்து வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்ய வேண்டும் என்று அறிவியலாளர்கள் வலியுறுத்தினார்கள். அனுமதி ஜூலையில் வந்தது. ஆகஸ்டில் குழு சென்றபோது ஒரே ஒரு வௌவாலின் குரல்தான் கேட்டது. அதையும் பிடிக்க இயலவில்லை. ஆகஸ்ட் மாத இறுதியோடு அந்தக் குரலும் நின்றுவிட்டது. 2017ஆம் ஆண்டில் அந்த இனம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஓர் இனம் சாவதை இவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்ததைக் கண்காணிப்பின் வெற்றி என்று சொல்வீர்களா?

அதே நாட்டில் ஆரஞ்சு வயிற்றுக் கிளிகள் சில ஆண்டுகளில் காட்டிலிருந்து மறைந்துவிடும் என்று 2010ஆம் ஆண்டில் கணிக்கப்பட்டபோது, தாமதிக்காமல் கூடுதல் பறவைகளைப் பிடித்து வளர்ப்புக் கூட்டத்தில் சேர்த்தார்கள். அந்த இனம் இன்றும் இருக்கிறது. தரவின் தரத்தில் இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் பெரிய வேறுபாடில்லை. முடிவெடுக்க யாருக்கு அதிகாரம் என்பதும், எப்போது எடுப்பது என்பதும்தான் வேறு.

இரவுப்படம்

இருவரும் எண்களை நம்பி வாதிடுகிறீர்கள். அந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நான் கேமரா டிராப் தரவைப் பிரித்துப் பார்க்கும் வேலை செய்பவன். ஒருமுறை ஓர் அட்டையில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் வந்திருந்தன. மகிழ்ச்சியோடு திறந்தால், முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை வெயிலில் சூடேறி, காற்றில் ஆடிய ஒரே ஒரு புல்தாள். மூன்றாம் நாளே நினைவட்டை நிறைந்து கேமரா நின்றுவிட்டது. அடுத்த இருபத்தேழு நாள்களில் அந்தப் பாதையில் எது நடந்து போயிருந்தாலும் பதிவாகியிருக்காது. ஆனால் களப்புத்தகத்தில் "30 நாள்கள், விலங்கு எதுவும் இல்லை" என்றுதான் எழுதியிருந்தார்கள். கருவி வைக்குமுன் புல்லைக் கையளவு அகலத்துக்கு வெட்டியிருந்தால் போதும்.

விலங்கு இல்லை என்பதும் விலங்கு தென்படவில்லை என்பதும் வெவ்வேறு. ஒரு குளத்தில் தவளை இருக்கிறது. ஒருமுறை போனால் அதன் குரலைக் கேட்கும் வாய்ப்பு பத்தில் மூன்று என்று கொள்ளுங்கள். மூன்று முறை போனாலும், தவளை அங்கே இருந்தும் ஒருமுறைகூடக் கேட்காமல் திரும்புவதற்கான வாய்ப்பு 34 விழுக்காடு. எட்டு முறை போனால்தான் அது 6 விழுக்காட்டுக்கு இறங்கும். 2002ஆம் ஆண்டிலிருந்து பரவலாகியுள்ள ஒரு புள்ளியியல் முறை, ஒரே இடத்துக்கு ஒரே பருவத்தில் பலமுறை சென்று கிடைக்கும் "கண்டேன், காணவில்லை" பதிவுகளிலிருந்து இந்தத் தென்படும் வாய்ப்பையே தனியாக மதிப்பிட்டுவிடுகிறது. அதற்குத் தேவை மீண்டும் மீண்டும் செல்வது மட்டுமே.

எண்ணும் முறை தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகம் ஒன்றே போதும். காலடித் தடங்களை வைத்துப் புலிகளை அடையாளம் காணும் முறையில், அங்கே புலிகள் இருப்பதாகவே பதிவேடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பார்த்தபோது ஒரு புலிகூட மிச்சமில்லை. அதன்பிறகுதான் இந்தியா முழுவதும் கேமரா டிராப்பையும் புள்ளியியல் மாதிரியையும் அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு மாறினார்கள். அதன் முதல் சுற்றில் கிடைத்த 1,411 என்ற எண் பழைய எண்களைவிட வெகுவாகக் குறைவு. புலிகள் ஒரே இரவில் குறைந்துவிடவில்லை, எண் முதல்முறையாக உண்மைக்கு அருகில் வந்தது.

சதுப்புநடை

இரவுப்படம் அவர்களின் பதிவைப் படித்ததும் எங்கள் தவளைத் தரவை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டில் இருபது குளங்களில் பத்தில் ஒரு குறிப்பிட்ட மரத்தவளை பதிவாகியிருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் ஐந்தில் மட்டுமே. "பாதியாகக் குறைந்தது" என்று நானே என் கைப்பட அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இப்போது கவனித்தால், முதல் மூன்று ஆண்டுகள் குரல்களை நன்கறிந்த ஒரு மூத்த களப்பணியாளர், மழை பெய்த மறுநாள் இரவில் போயிருக்கிறார். அவர் ஓய்வுபெற்றபின் வந்தவர்கள், வண்டி கிடைத்த நாளில், மாலை ஆறு மணிக்குப் போயிருக்கிறார்கள். ஒரு குளத்துக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு வருகைதான். இந்தத் தரவைக் காப்பாற்ற வழி உண்டா?

இரவுப்படம்

முழுவதுமாக இல்லை. இருபது குளங்களிலும் தவளை இருந்து, மூத்தவருக்குக் கேட்கும் வாய்ப்பு பாதியாகவும் புதியவர்களுக்குக் கால்பங்காகவும் இருந்திருந்தால், தவளை ஒன்றுகூடக் குறையாமலே உங்களுக்கு இதே பத்தும் ஐந்தும் கிடைத்திருக்கும். அதனால் சரிவு நடந்தது என்றும் சொல்ல முடியாது, நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மூத்த பணியாளர் இன்னும் வரக்கூடிய நிலையில் இருந்தால், ஒரு பருவம் புதியவர்களோடு அவரையும் அனுப்பி, ஒரே இரவில் ஒரே குளத்தில் இருவரும் தனித்தனியாகக் குறிக்கச் செய்யுங்கள். இருவருக்கும் இடையேயான வேறுபாடு எவ்வளவு என்பதாவது தெரியவரும். வந்த நேரம், முந்தைய நாள் மழை, கேட்டவர் பெயர் ஆகிய மூன்று கட்டங்களை இன்றே படிவத்தில் சேர்த்துவிடுங்கள். பிரிட்டனில் 1976ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பில், வெப்பநிலை 13 பாகைக்குக் குறைவாக இருந்தால் நடக்கவே கூடாது, 17 பாகைக்குக் கீழே இருந்தால் போதிய வெயில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது வீண் கண்டிப்பன்று.

ஒலிவலை

ஆள் மாறினால் செவியும் மாறும் என்பதற்குத் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகள் ஒரு நல்ல மாற்று. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாழும் வக்கீட்டா என்ற சிறு கடற்பன்றியைக் கண்ணால் எண்ணுவது மிகக் கடினம். மனிதரைக் கண்டால் விலகிவிடும், வெகுசிலவே எஞ்சியுள்ளன. 2011ஆம் ஆண்டிலிருந்து கடலடியில் வைக்கப்பட்ட ஒலிக்கருவிகள் அவற்றின் ஒலித்துடிப்புகளைப் பதிவுசெய்தன. 2015வரையிலான பதிவுகளிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 34 விழுக்காடு சரிவு என்று கணக்கிட முடிந்தது. அதற்கு முந்தைய பதிவுகளே சரிவைக் காட்டியிருந்ததும், 2015ஆம் ஆண்டில் அப்பகுதியில் வக்கீட்டாக்கள் சிக்கி இறக்கும் செவுள்வலைகளுக்கு அவசரத் தடை வர ஒரு காரணம். தோதோவாபா மீனுக்கான கள்ளவேட்டை நிற்காததால் தடையால் எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கருவி வாங்குவது எளிது. பதிவான ஆயிரக்கணக்கான மணி நேர ஒலியைக் கேட்பதற்கு ஆள் வைப்பதும், தானாக இனங்காணும் மென்பொருளின் பிழைகளைச் சரிபார்ப்பதும்தான் செலவு. அலமாரியில் கேட்கப்படாத வன்தட்டுகளை அடுக்கிவைத்திருக்கும் காப்பகங்களை நான் அறிவேன். நீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவைச் சோதிக்கும் முறைக்கும் இது பொருந்தும்: குளத்தில் உயிரி இருக்கிறதா என்று அது நன்றாகச் சொல்லும், எத்தனை இருக்கின்றன என்பதை அவ்வளவு நம்பகமாகச் சொல்லாது, மேலோடையிலிருந்து அடித்துவரப்பட்டதா என்பதையும் சொல்லாது.

புதுத்தளிர்

இத்துறைக்குப் புதியவள், தவறாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் 1970க்குப் பிறகு வனவிலங்குகளில் 73 விழுக்காடு அழிந்துவிட்டன என்று 2024ஆம் ஆண்டில் செய்திகள் வந்தனவே. அவ்வளவு பெரிய உண்மை தெரிந்த பிறகும் ஒரு காப்பகத்தில் தவளைகளைத் தனியாக எண்ண வேண்டுமா? மேலும், பொதுமக்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பற்றி ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் ஆகிய இணையதளங்களில் இடும் பதிவுகளையே பயன்படுத்தினால் செலவு மிச்சமாகாதா?

பழைய_தொலைநோக்கி

நல்ல கேள்விகள், மகளே. முதலாவது செய்தியில் "அழிந்துவிட்டன" என்பது தவறான வாசிப்பு. அந்த 73 விழுக்காட்டைத் தந்த வாழும் கோள் குறியீடு என்பது ஏறத்தாழ 35,000 விலங்குக் கூட்டங்களின் அளவில் 1970க்கும் 2020க்கும் இடையே ஏற்பட்ட ஒப்பளவு மாற்றத்தின் சராசரி. ஓரிடத்தில் நூறு விலங்குகள் ஐந்தானால் 95 விழுக்காடு சரிவு. இன்னோரிடத்தில் பத்தாயிரம் அப்படியே இருந்தால் மாற்றமில்லை. மொத்த விலங்குகளில் இழந்தது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, ஆனால் கூட்டங்களின் சராசரி கடும் வீழ்ச்சியைக் காட்டும். மிகக் கடுமையாகச் சரிந்த 3 விழுக்காட்டுக்கும் குறைவான கூட்டங்களை விலக்கினால், எஞ்சியவற்றில் ஒட்டுமொத்தச் சரிவே தெரிவதில்லை என்று 2020ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. இதனால் நெருக்கடி இல்லை என்று பொருளல்ல. நெருக்கடி எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை, சில இடங்களில் குவிந்திருக்கிறது என்று பொருள். எங்கே குவிந்திருக்கிறது என்பதை உலகச் சராசரி சொல்லாது. உங்கள் காப்பகத்தின் மதகை எப்போது திறப்பது என்பதையும் சொல்லாது.

பொதுமக்கள் பதிவுகளை நான் மதிக்கிறேன். ஆனால் மக்கள் போகும் இடத்தில்தான் பதிவு இருக்கும். சாலையோரமும் விடுமுறை நாளும் மிகுந்திருக்கும், அரிய பறவை பதிவாகும், காக்கை விடுபடும். தேடியதையும் கிடைக்காததையும் சேர்த்து முழுப் பட்டியலாக இடப்பட்ட பதிவுகளை மட்டும் எடுத்து, தேடிய நேரத்துக்கும் நடந்த தூரத்துக்கும் ஏற்பத் திருத்தினால் அவை மிகப் பயன்படும். வட அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டிலிருந்து தன்னார்வலர்களே நடத்தும் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பில், ஒரு வழித்தடத்துக்கு 50 நிறுத்தங்கள், நிறுத்தத்துக்கு 3 நிமிடங்கள் என்ற ஒழுங்கு இன்றளவும் மாறவில்லை. 1970லிருந்து ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் அக்கண்டத்தில் குறைந்துள்ளன என்று 2019ஆம் ஆண்டில் சொல்ல முடிந்ததற்குப் பெரும் பங்கு அந்த ஒழுங்குக்குத்தான்.

மதகடி

ஒரு காப்பகத்தைப் பல ஆண்டுகள் நிர்வகித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். தொடக்கத்தில் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

மதகை முன்கூட்டித் திறந்தால் கரைப்பறவைகளுக்குச் சேறு கிடைக்கும் என்று நான் நம்பினேன். என்னுடன் பணியாற்றிய ஒருவர் அதனால் மீன்குஞ்சுகள் சாகும், கொக்குகள் போய்விடும் என்று நம்பினார். இருவரும் பத்து ஆண்டுகள் சண்டையிட்டோம். பறவைகளை எண்ணிக்கொண்டேதான் இருந்தோம், சண்டை தீரவில்லை. ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு குளங்களிலும் ஒரே நாளில்தான் மதகைத் திறந்தோம். ஒன்றை முன்னதாகவும் இன்னொன்றைப் பிந்தியும் திறந்து, அடுத்த ஆண்டு மாற்றிச் செய்திருந்தால், நான்கு ஆண்டுகளில் யாருடைய நம்பிக்கை சரி என்பது தெரிந்திருக்கும். ஒப்பிட ஓர் இடம் இல்லாமல் "நாங்கள் செய்தோம், கூடியது" என்று எழுதுவது, அந்த ஆண்டு நல்ல மழை பெய்தது என்பதைச் சுற்றிவளைத்து எழுதுவதற்குச் சமம்.

அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டிலிருந்து வாத்து வேட்டைக்கான விதிகளை இப்படித்தான் வகுக்கிறார்கள். வேட்டையால் எவ்வளவு பாதிப்பு என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. முரண்படும் கருத்துகளை எல்லாம் தனித்தனி மாதிரிகளாக எழுதி, ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டு எத்தனை வாத்துகள் இருக்கும் என்று முன்னதாகச் சொல்லுமாறு அமைத்தார்கள். வசந்தக் கணக்கெடுப்பு வந்ததும் சரியாகச் சொன்ன மாதிரிக்கு நம்பகத்தை ஏற்றி, தவறியதற்குக் குறைத்து, அதை வைத்து அடுத்த பருவத்தின் விதியை முடிவு செய்கிறார்கள். முடிவெடுப்பதே கற்பதற்கும் வழியாகிவிடுகிறது. உங்களுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். மதகு இரண்டு இருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது.

களைக்கு இன்னும் எளிது. அதன் அடர்த்தியை அளக்காதீர்கள். அதன் முன்விளிம்பு எங்கே இருக்கிறது என்று ஆண்டுக்கு இருமுறை நடந்து குறியுங்கள்.

சதுப்புநடை

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்களாக வரைவைத் திருத்தி எழுதியிருக்கிறேன்.

புல்வகைப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று ஆக்கிவிட்டேன். வண்ணத்துப்பூச்சி நடையைத் தொலைநோக்கி ஐயா சொன்ன காரணத்துக்காகவே விடாமல் வைத்திருக்கிறேன். ஒரே பாதை, ஒரே விதி, செலவு மிகக் குறைவு. அதற்கு எந்த முடிவும் இணைக்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டேன். கேமரா டிராப்புகளை ஆறாகக் குறைத்தாயிற்று. தவளைக்குப் பன்னிரண்டு குளங்கள் மட்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மழைக்குப்பின் நான்கு இரவுகள். மூத்த பணியாளரும் முதல் பருவத்துக்கு வர ஒப்புக்கொண்டார். மதகுகள் மாற்றி மாற்றித் திறக்கப்படும். நீர்மட்டம் கோலில் பார்த்துத் தினமும் குறிக்கப்படும்.

மேய்ச்சலுக்குத்தான் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறேன்: "கிழக்குக் கரையில் தரையில் கூடு கட்டும் பறவைகளின் கூடுகளில் குஞ்சு பொரித்தவை தொடர்ந்து இரு ஆண்டுகள் 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால், அடுத்த முட்டையிடும் பருவம் தொடங்குமுன் காப்பகப் பொறுப்பாளர் மேய்ச்சலை அப்பருவம் முழுவதும் நிறுத்திவைப்பார்." வரைவில் மேலிடம் கோடிட்டு "பொருத்தமான நேரத்தில் பரிசீலிக்கப்படும்" என்று திருத்தியது இந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான்.

எண்ணும்_எழுத்தும்

எதிர்பார்த்ததுதான். மேலும் ஒன்றைக் கவனியுங்கள்: இரு ஆண்டுகள் என்று வைத்தது நல்லது, ஒரே வெள்ளத்தால் ஓராண்டு கெட்டுப்போகலாம். ஆனால் எத்தனை கூடுகளைக் கண்காணிக்கிறீர்கள்? பத்துக் கூடுகள் என்றால் நான்குக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலே. முப்பது நாற்பது கூடுகளாவது இல்லாமல் விழுக்காட்டில் ஓர் எல்லையை வைக்காதீர்கள்.

மதகடி

மேலிடத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தத் திருத்தத்தை நானும் பலமுறை செய்திருக்கிறேன். அச்சம் செயலைப் பற்றியது அல்ல. வேறொருவர் தேர்ந்தெடுத்த எண் தன்னைக் கட்டிப்போடும் என்பதுதான். வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எண் இருந்த இடத்தை மட்டும் காலியாக வைத்து உங்கள் மேலதிகாரியிடம் கொடுங்கள். எத்தனைக்குக் கீழே போனால் தனக்குக் கவலை வரும் என்று அவரையே நிரப்பச் சொல்லுங்கள். மேய்ப்பவர்களையும் அன்றே உடன் உட்காரவையுங்கள். நிறுத்தும் நாளில் முதன்முதலாக அவர்களிடம் போனால் எந்த எண்ணும் நிற்காது.

சதுப்புநடை

கடந்த ஆண்டு 34 கூடுகளைக் கண்டோம். இவ்வாண்டு இன்னும் கூடுதலாகத் தேடுவோம். மதகடி அம்மா சொன்னபடியே செய்தேன். மேய்ப்பவர்கள் மூவர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், பருவம் முழுவதும் வேண்டாம், முட்டை இருக்கும் ஆறு வாரங்கள் மட்டும் தள்ளி ஓட்டுகிறோம் என்றார். அதை வாக்கியத்தில் சேர்த்துவிட்டோம். வரைவு இன்று காலை திரும்பி வந்தது. காலியிடத்தில் மேலதிகாரி 40 என்று எழுதி, அடித்து, 30 என்று எழுதியிருக்கிறார். இப்போதைக்குப் பென்சிலால்தான்.